பரிதாபத்துக்குக் கப்ளர் விற்பதில்லை

அம்மாவின் முதல் வருஷத் திவசம் முடிந்த மறுநாள் காலை, தோசையைப் பிய்த்துக்கொண்டே அண்ணன் சொன்னான்: "வீட்டை பில்டருக்குப் பேசிட்டேன், இடிச்சுட்டு ஃப்ளாட் கட்டப் போறாங்க. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்."

எங்கள் வீடு செகந்திராபாத்தின் திருமுல்கேரியில், ராணுவக் குடியிருப்புகளைத் தாண்டி இருக்கும் ஒரு பழைய காலனியில். அப்பா கட்டியது. கல்யாணமாகி, ஒத்துவராமல் விலகி வந்த பிறகு நான் அங்கேதான் இருந்தேன். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்கவைத்து, காலையில் மல்லாபூரில் வேலைக்குப் போய், மாலையில் திரும்பி வந்து மறுபடியும் அதையே செய்துகொண்டிருந்தேன். அண்ணன் குடும்பமும் அதே வீட்டில்தான் இருந்தது. அவர்கள் அம்மாவின் அறை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

"நான் எங்க போறது?" என்று கேட்டேன்.

"நாங்க அல்வால்ல வாடகைக்குப் பார்த்திருக்கோம். ரெண்டே ரூம். பாப்பா டென்த் வேற. இன்னா பண்றது, நீயே சொல்லு."

எங்கள் குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. இந்த 'இன்னா' மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. அண்ணி தலை நிமிரவில்லை. அண்ணன் மகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். அத்தை ஹாஸ்டலில் இருந்துகொள்ளலாமே என்று தெலுங்கில் சொல்லிவிட்டு ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். குழந்தை மேல் எனக்குக் கோபமில்லை. அந்த யோசனை அவளுடையதில்லை என்று தெரியும்.

"அப்பாவோட கார் இருக்குதே, அதை நீ எடுத்துக்கோ," என்றான் அண்ணன். பெரிய மனசு பண்ணிக் கொடுக்கிற மாதிரி சொன்னான். "எப்படியும் நீதானே ஓட்றே."

கொஞ்ச நாளைக்குத்தானே, கட்டி முடித்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அன்றைக்கு நான் சண்டை போடவில்லை. கோபம் உடனே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அது மெதுவாகத்தான் வந்தது. வந்த பிறகு போகவே இல்லை.

வீடு தேட ஆரம்பித்தேன். இந்த ஊரில் தனியாக ஒரு பெண் வாடகைக்கு வீடு தேடிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் இந்த ஊரைப் பற்றித் தெரியும். "ஃபேமிலிக்குத்தாம்மா கொடுக்கிறோம்" என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறவர்கள் பரவாயில்லை, நேரம் மிச்சம். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, கணவர் எங்கே, ஏன் பிரிந்தீர்கள், யார் யாரெல்லாம் வந்து போவார்கள் என்று விசாரித்துவிட்டு, "எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை, பக்கத்து ஃப்ளாட்காரங்க ஏதாவது சொல்வாங்க" என்று முடிக்கிறவர்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாச்சாரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என் பொண்ணு மாதிரி" என்றார். அடுத்த வாக்கியத்தில் வீடு இல்லை என்றார். காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

கடைசியில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் இடம் கிடைத்தது. ஒரு அறையில் நாலு கட்டில். அங்கே பிரச்சினை நானில்லை, என் பெட்டிகள்.

அதைச் சொல்ல வேண்டுமானால் மிக்ஸியிலிருந்து தொடங்க வேண்டும். அம்மா வைத்திருந்தது கோயம்புத்தூரில் செய்த பழைய மிக்ஸி. அம்மாவுக்கு எல்லாவற்றையும் கூழாக அரைத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது, அதனால் அந்த மிக்ஸி ஒரு நாள் நின்றாலும் அவளுக்குச் சாப்பாடு இல்லை. ஒரு நாள் நின்றது. ஜாரும் மோட்டாரும் சேரும் இடத்தில் பல் பல்லாக ஒரு ரப்பர்த் துண்டு இருக்கும், கப்ளர் என்பார்கள், அது தேய்ந்துவிட்டது. செகந்திராபாத்தில் ஏறாத கடையில்லை. எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "அது வராது மேடம், புதுசு வாங்கிக்குங்க." உள்ளங்கையில் அடங்குகிற ரப்பர்த் துண்டுக்காக முழு மிக்ஸியையும் தூக்கிப் போட வேண்டுமாம். கோயம்புத்தூருக்கு ஃபோன் போட்டு, செய்கிற இடத்தையே கண்டுபிடித்து, ஒரு பை நிறைய வரவழைத்தேன். ஒன்றை மாட்டினேன். மாட்டுவதைச் சும்மா வீடியோ எடுத்து இணையத்தில் போட்டேன். கப்ளரின் மரை தலைகீழாக இருக்கும், கழற்றுவதற்கு வலப்பக்கம் திருக வேண்டும். அது தெரியாமல் பாதிப்பேர் உடைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு விஷயத்தைச் சொன்னதற்கே அத்தனை பேர் நன்றி எழுதினார்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள் என்று கேட்டார்கள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கப்ளர், வாஷர், ஜார் பிளேடு, குக்கர் ரப்பர், கிரைண்டர் பெல்ட். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஐதராபாத்திலும் பெங்களூரிலும் புனேயிலும் குடித்தனம் நடத்துகிறவர்கள் ஊரிலிருந்து சுமந்து வந்த சாமான்களுக்கெல்லாம் உதிரி பாகம். அம்மா தூங்கும் நேரத்தில் பார்சல் கட்டுவேன். அம்மா போன பிறகு அது ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

ஹாஸ்டல் வார்டனுக்கு அது பிடிக்கவில்லை. ரப்பர் வாடை அடிக்கிறது என்றார். கூரியர் ஆள் தினமும் கேட்டுக்கு வருகிறான், ஆம்பளை வந்து நிற்பது சரியில்லை என்றார். நான் கட்டிலுக்கு அடியில் எல்லாவற்றையும் அடுக்கி, போர்வையால் மூடி வைத்தேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது என் பெட்டிகள் எல்லாம் வராந்தாவில் கிடந்தன. ஒரு பெட்டி கிழிந்து குக்கர் ரப்பர்கள் தரையில் சிதறியிருந்தன. போகிற வருகிற பெண்கள் தாண்டிக்கொண்டு போனார்கள்.

"பெட்டிங்க வெளிய போகணும். இல்லன்னா நீங்க போகணும்," என்றார் வார்டன்.

குனிந்து ஒவ்வொரு ரப்பராகப் பொறுக்கினேன். பொறுக்கி முடிக்கும்போது முடிவு செய்துவிட்டேன். பெட்டிகளைக் காரில் ஏற்றினேன். துணி மூட்டையையும் ஏற்றினேன். ரெண்டும் சேர்ந்தே வெளியே போயின.

அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். "வீடு பூட்டித்தானே கிடக்குது. இடிக்கிற வரைக்கும் நான் அங்க இருந்துக்கறேன்."

"நக்கோ, வேணாம், அதெல்லாம் ஆவாது. சாவி பில்டர்கிட்ட இருக்குது. கம்பியெல்லாம் உள்ள போட்டிருக்காங்க."

"கம்பிக்கு இடம் இருக்குதா அண்ணா?"

"கைக்கு இப்படிப் பேசறே?" என்றான், 'ஏன்' என்பதற்கு இந்த ஊர் உருதுவில். லைனை வெட்டிவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். வீடு அப்படியேதான் நின்றது. சுற்றுச்சுவரில் ஒரு பக்கத்தை மட்டும் இடித்துவிட்டு வேலையை நிறுத்தியிருந்தார்கள். அம்மாவின் அறை ஜன்னல் வழியாகக் கம்பிக்கட்டு நீட்டிக்கொண்டிருந்தது. நான் காருக்குள் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

கார் வாழ்க்கையைப் பற்றி இப்போதெல்லாம் அழகழகாக வீடியோ போடுகிறார்கள். மலையடிவாரம், மடக்கு மெத்தை, சின்ன அடுப்பில் காபி. என் காரில் பின்சீட்டைச் சாய்த்தால் பாதி இடத்தைப் பெட்டிகள் பிடித்துக்கொள்ளும். மீதியில் நான் காலை மடக்கிக்கொண்டு கிடப்பேன். கண்ணாடிக்கெல்லாம் கருந்துணி. ஜன்னலை ஏற்றினால் வேர்த்து நனையும், இறக்கினால் கொசு. அதைவிட, இறக்கிய ஜன்னல் வழியாக யார் கை வரும் என்ற பயம். ஏப்ரலில் அந்த வண்டிக்குள் ரப்பர் எல்லாம் சூடேறி வரும் வாடை என் தலைமுடியில் ஏறிப் போகவே போகாது. மாதவிடாய் நாட்களில் நான் பட்டதை எழுத எனக்கு விருப்பமில்லை. அதை எழுதினால் யாராவது பாராட்டுவார்கள்.

வேலை செய்த இடம் மல்லாபூரில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனி. வாளி, மூடி, கைப்பிடி எல்லாம் செய்வார்கள். நான் டிஸ்பாட்ச் பிரிவு. எந்த லாரியில் எது ஏறுகிறது என்று பார்த்து அனுப்புவது. காலையில் எல்லாருக்கும் முன்னால் போய், பெண்கள் கழிப்பறையில் வாளித் தண்ணீரில் குளித்துவிடுவேன். கொஞ்ச நாளில் மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிட்டுவிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அவர் தெலுங்கில் மிகவும் அன்பாகப் பேசினார். "ஏம்மா வெளியில கஷ்டப்படறீங்க? வண்டியை உள்ள யார்டுல போட்டுக்குங்க. வாட்ச்மேன் இருக்கான், பயமில்ல."

உண்மையாகவே நன்றி சொன்னேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. "நீங்க இங்கதானே இருக்கீங்க, காலை லோடுக்குக் கேட்டைத் திறந்துவிடுங்க." திறந்தேன். "நீங்க இங்கதானே இருக்கீங்க, ஞாயித்துக்கிழமை ஒரு லாரி வருது, பார்த்துக்குங்க." பார்த்துக்கொண்டேன். பிறகு எல்லா ஞாயிறும். எனக்கு ஞாயிறுதான் பார்சல் கட்டும் நாள், வீடியோ எடுக்கும் நாள். காரின் பானெட்டில் வெள்ளைத் துணி விரித்து, மிக்ஸி ஜாரை வைத்து, ஃபோனை வைப்பரில் சாய்த்து எடுப்பேன். நடுவில் லாரி ஹாரன் அடிக்கும். எழுந்து ஓட வேண்டும். திரும்பி வருவதற்குள் வெளிச்சம் போயிருக்கும்.

ஒரு நாள் எல்லாத் தொழிலாளர்களையும் ஷெட்டில் கூட்டி வைத்து மேனேஜர் பேசினார். பக்கத்தில் என்னை நிற்கவைத்தார். "இந்தம்மாவைப் பாருங்க. கம்பெனியே வீடுன்னு இருக்காங்க. இவங்ககிட்ட இருக்கிற அர்ப்பணிப்பு உங்க யாருக்கு இருக்கு?" எதிரே நின்றவர்களில் பாதிப்பேர் ஒரு அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் ஒடிசாக்காரர்கள். அவர்கள் கைதட்டினார்கள். தட்டாமல் என்ன செய்வார்கள்?

கூட்டம் முடிந்ததும் அவர் அறைக்குப் போனேன். "சார், ஞாயித்துக்கிழமை வேலைக்குச் சம்பளம் போடுங்க. இல்லன்னா வேற ஆளை வையுங்க."

அவர் முகம் மாறியது. "உள்ள இடம் கொடுத்திருக்கேனேம்மா."

"இடத்துக்கு வாடகைன்னு சொல்லியிருந்தா அப்பவே கணக்குப் பார்த்திருப்பேன் சார். உதவின்னு சொன்னீங்க."

"அப்படின்னா வண்டியை வெளியில போட்டுக்குங்க."

வேலையை விட்டு எடுக்கவில்லை. டிஸ்பாட்ச் வேலைக்கு என்னை விட்டால் ஆளில்லை. ஆனால் யார்டு கதவு எனக்கு மூடிவிட்டது. வாட்ச்மேன் சங்கிலியைப் பூட்டும்போது என்னைப் பார்க்காமலே, "மை க்யா கரூம் மேடம்," என்றார். அவர் என்ன செய்வார், பாவம். அவர் மேல் கோபித்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. இருந்த கோபமெல்லாம் அறைக்குள் உட்கார்ந்திருந்த மேனேஜருக்காக இருந்தது.

கம்பெனிக்கு அருகில் ஒரு அபார்ட்மெண்ட் வளாகம், அதற்கு எதிரில் சின்னப் பூங்கா. அந்தத் தெருவில் வண்டியைப் போட ஆரம்பித்தேன். தெருவிளக்கு இருந்தது, பால் கடை சீக்கிரம் திறக்கும். சில வாரம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு நாள் விடியும் நேரத்தில் கண்ணாடியில் தட்டும் சத்தம். பார்த்தால், நடைப்பயிற்சிக்கு வந்த வெள்ளை ஷூக்காரர் ஒருவர், அபார்ட்மெண்ட் கமிட்டிக்காரர். கூட இன்னும் ரெண்டு பேர். ஜன்னலை இறக்கினேன்.

"யாரும்மா நீங்க? உள்ள வேற யாரு இருக்கா?"

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

அவர் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். "பெட்டியில என்ன?"

"குக்கர் ரப்பர்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய் சொல்கிறாள் என்று அந்தப் பார்வையில் எழுதியிருந்தது. நான் ஒரு பெட்டியை எடுத்து, பிரித்து, ஒரு ரப்பரை அவர் கையில் கொடுத்தேன். அதை நீட்டிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். ஆனால் என்னிடம் மன்னிப்பு கேட்கவில்லை. "இது டீசண்டான ஏரியா," என்று சொல்லிவிட்டு, என் வண்டியையும் நம்பரையும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு நடந்தார். காருக்குள் தூங்குவது டீசண்ட் இல்லை. தூங்குகிறவளின் ஜன்னலைத் தட்டி உள்ளே எத்தனை பேர் என்று கேட்பது டீசண்ட்.

அந்தப் படம் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது என்று அன்று மாலையே தெரிந்தது. நான் ஃபோனில் ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே பானெட்டில் பார்சல் ஒட்டிக்கொண்டிருந்தபோது, அந்த வளாகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். திருச்சிப் பக்கத்துத் தமிழ். ஐ.டி. வேலையாக வந்தவள். கழுத்தில் கம்பெனி அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்கதானே அந்த மிக்ஸி அக்கா? குரலை வச்சுக் கண்டுபிடிச்சேன். உங்ககிட்ட ஜார் பிளேடு வாங்கியிருக்கேன்."

எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. அவள் மேலே ஓடிப் போய் ஒரு டப்பாவில் புளியோதரை கொண்டு வந்து கொடுத்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டேன். எப்படி இப்படி ஆச்சு என்று கேட்டாள். கொஞ்சம் சொன்னேன். கண் கலங்கினாள். நல்ல பெண். கமிட்டிக்காரரோடு தானே பேசி, நான் அங்கே நிறுத்த யாரும் தடை சொல்லாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அப்படியே செய்தும் கொடுத்தாள். இதையும் நான் மறைக்கவில்லை.

ரெண்டு நாள் கழித்து என் ஃபோன் நிற்காமல் அடித்தது. ஆர்டர் மேல் ஆர்டர். முதலில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பிறகுதான் ஒரு வாடிக்கையாளர் ஒரு படத்தை எனக்கே அனுப்பினார், அந்தத் திருச்சிப் பெண் இணையத்தில் போட்டது. நான் காரின் பக்கக் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருக்கிறேன். பின்னால் சீட்டில் என் துவைத்த உள்பாவாடை காய்கிறது. மேலே எழுதியிருந்தது: "வீடில்லை. ஆனால் விடாமுயற்சி உண்டு. இந்த அக்காவுக்குத் தலைவணங்குவோம்." கீழே என் கடையின் இணைப்பு. அதன் கீழே ஆயிரக்கணக்கில் கும்பிடும் கைகள்.

என்னிடம் கேட்கவில்லை. அவள் கேட்டிருக்கவே மாட்டாள் என்று இப்போது புரிகிறது. நல்லது செய்வதாக நினைப்பவர்கள் கேட்பதில்லை.

அவளுக்கு ஃபோன் செய்தேன். "படத்தை எடுத்துடு."

"அக்கா, உங்களுக்குத்தானே நல்லது? எவ்வளவு ரீச் தெரியுமா?"

"என் உள்பாவாடைக்கு ரீச் வேண்டாம்."

அவள் அழுதாள். நான் ஃபோனை வைத்துவிட்டேன். அந்த உடை தெரியாதபடி படத்தை வெட்டினாளே ஒழிய, நீக்கவில்லை.

அதன்பிறகு நான் செய்ததை என் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள். மதிய இடைவேளையில் காரில் உட்கார்ந்து, ஆர்டர் போட்ட ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்தேன்.

"வணக்கங்க. கப்ளர் ஆர்டர் போட்டிருக்கீங்க. உங்க மிக்ஸி எந்த மாடல்?"

"மாடலா? எங்ககிட்ட அந்த மிக்ஸியே இல்லங்க. சும்மா உங்களுக்கு ஒரு உதவியா இருக்கட்டுமேன்னு..."

"அப்ப ஆர்டரை ரத்து பண்றேன். பணம் திரும்பி வந்துடும்."

"இல்ல இல்ல, வச்சுக்குங்க. உங்க நிலைமை..."

"என் நிலைமைக்குக் கப்ளர் மாட்ட முடியாதுங்க. மிக்ஸி இருந்தா சொல்லுங்க, அனுப்பறேன்."

சிலர் வருத்தப்பட்டார்கள். சிலர் திமிர் என்றார்கள். ஒருவர், பிச்சைக்காரிக்கு இவ்வளவு ரோஷமா என்று எழுதியே அனுப்பினார். ஆனால் ஒரு பெரியவர், "இருங்கம்மா, சமையலறையில போய்ப் பார்க்கறேன்," என்று லைனில் காக்கவைத்து, மனைவியின் பழைய மிக்ஸியைப் பரணிலிருந்து இறக்கி, மாடலை வாசித்துக் காட்டினார். அவருக்கு அனுப்பினேன். நான் விற்பது வேலை செய்கிற பொருள். அது ஒருவர் வீட்டில் ஓட வேண்டும். டிராயரில் கிடந்து என்னைப் பார்த்துப் பரிதாபப்படக் கூடாது.

அண்ணனும் அந்தப் படத்தைப் பார்த்தான். கம்பெனி வாசலுக்கே வந்தான். லாரிகள் போய் வரும் இடத்தில், எல்லாரும் பார்க்க நின்றான்.

"மானத்தை வாங்கிட்டியே. ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க. உன் தங்கச்சியா இதுன்னு."

"ஆமான்னு சொன்னியா?"

"கிளம்பு. அல்வாலுக்கு வா. ஹால்ல படுத்துக்கலாம். அண்ணியும் ஹவ்ன்னுட்டா, சரின்னுட்டா."

இத்தனை மாதமாக இல்லாத ஹால், அந்தப் படம் வந்த பிறகு முளைத்திருந்தது. அப்போது அவன் குரலைத் தணித்து, "அப்புறம் பில்டர் ஆபீஸ் வரைக்கும் ஒரு தடவை வந்துட்டுப் போ. உன் கையெழுத்தும் வேணுமாம். சின்ன விஷயம்தான்," என்றான்.

வீட்டு வேலை ஏன் பாதிச் சுவரோடு நின்றது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா யாருக்கும் எழுதி வைக்காமல் போன வீடு. என் கையெழுத்து இல்லாமல் அவர்களால் ஒரு செங்கல்லைக்கூட வைக்க முடியாது. அது அவனுக்கும் தாமதமாகத்தான் தெரிந்திருக்கிறது. அந்த வீட்டில் படுக்க எனக்கு இடமில்லை என்று சொன்னவன், அந்த வீட்டை இடிக்க என்னைத் தேடி வந்திருக்கிறான்.

"எனக்கு ஒரு ஃப்ளாட் எழுது. கையெழுத்துப் போடறேன்."

"இன்னாது?"

"அந்த இடத்துல நாலு வீடு வருதுன்னா, உன் பங்குல ஒண்ணு குறையும். அவ்வளவுதான் அண்ணா."

"கூடப் பொறந்தவன்கிட்ட இப்படிப் பேசறியே, வெக்கமா இல்ல?"

"எனக்கு வெக்கம் போய் ரொம்ப நாளாச்சு. கார்ல படுத்தா முதல்ல அதுதான் போகும்."

கத்தினான். நானும் கத்தினேன். என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை, தெருவில் நின்று, அத்தனை சத்தமாக. அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்த கை எது, வீட்டைப் பூட்டிய கை எது என்று கேட்டேன். லாரி டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் ஜன்னலில் தெரிந்தார். அண்ணன் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனான். அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாடு நன்றாக இருந்தது.

வக்கீலைப் பார்த்தேன். எனக்கும் சரிபாதி உண்டு என்று அவர் சாதாரணமாகச் சொன்னார், ஏதோ பஸ் எந்த வழியாகப் போகும் என்று சொல்வதைப் போல. ஒரு வருஷம் இழுத்தது. உறவுக்காரர்கள் எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். கார் ஜன்னலைத் தட்டி எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கடைசியில் அண்ணன் இறங்கி வந்தான். ஒரு ஃப்ளாட் என் பேரில் எழுதியாயிற்று. இன்றைக்கு அங்கே தூண்கள்தான் நிற்கின்றன. எப்போது முடியும் என்று தெரியாது. அண்ணன் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை.

அதற்குள் எனக்குக் கூரை கிடைத்துவிட்டது. பாலாநகரில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவர் என்னிடம் மொத்தமாகச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய கடையை ஒட்டி ஒரு ஷட்டர், அதாவது ஒற்றை அறைக் கடை, காலியானது. மேலே தாழ்வான பரண், பின்னால் குழாயும் கழிப்பறையும். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, மின்சாரம் யார் கட்டுவது என்று மட்டும் பேசினார். கணவர் எங்கே என்று கேட்கவில்லை. கேட்பார் என்று கடைசிவரை காத்திருந்தேன். சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஷட்டரை உள்பக்கமிருந்து இறக்கி, காலை நீட்டிப் படுத்துப் பார்த்தேன். முழங்கால் நிமிர்ந்ததில் வலி எடுத்தது.

ஆர்டர்கள் ஓரளவுக்கு நிலையாக வர ஆரம்பித்ததும் மல்லாபூர் வேலையை விட்டேன். மேனேஜர் வழியனுப்பு விழா வைக்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பழைய ஞாயிறுகளுக்கான சம்பளத்தைக் கேட்டேன். பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

போன மாதம் அந்தத் திருச்சிப் பெண் கடைக்கு வந்தாள். கையில் குக்கர் மூடி. கொஞ்சம் இளைத்திருந்தாள். கம்பெனியில் ஆள் குறைத்தபோது அவளையும் அனுப்பிவிட்டார்கள் என்றாள். அதைக் கேட்டுவிட்டு, நல்ல எண்ணத்தோடு யாரோ அவளைப் பற்றி இணையத்தில் எழுதியிருந்தார்களாம். வேலை போன நாளில், ஆபீஸ் வாசலில் அட்டைப்பெட்டியோடு அவள் நிற்கும் படத்தோடு.

"அப்பதான்க்கா எனக்குப் புரிஞ்சுது," என்றாள்.

நான் மூடியை வாங்கி, பழைய ரப்பரை உருவினேன். அது இறுகி விரிசல் விட்டிருந்தது. அவளைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவமாக இருப்பதும் கோபம் போவதும் ஒன்றில்லை.

"என் படம் இன்னும் இருக்குது," என்றேன்.

அவள் ஃபோனை எடுத்தாள். தேடிப் பிடிக்க நேரமாயிற்று. கிடைத்ததும் என் பக்கம் திருப்பிக் காட்டி, என் எதிரிலேயே அதை அழித்தாள். "மத்தவங்க எடுத்துப் போட்டதெல்லாம் இருக்கும்க்கா. அதை என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும்."

புது ரப்பரை ஈரத் துணியால் துடைத்து, மூடியில் பொருத்தி, விளிம்பு முழுக்க விரலை ஓட்டிப் பார்த்துக் கொடுத்தேன். காசை வாங்கிக்கொண்டேன்.